தராசையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்

ஒரு கருவி காட்டும் எண்ணை நாம் எந்த ஆதாரத்தில் நம்புகிறோம்? வண்டி பேட்டரியின் இரு டெர்மினலிலும் மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் வைத்தால் திரையில் 12.40 என்று வருகிறது. பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டையோ அமிலத்தையோ யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. ஆனாலும் முக்கால் பங்கு சார்ஜ் இருக்கிறது என்று முடிவு கட்டுகிறோம். அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்கிறோம், அல்லது செலவைத் தள்ளிப் போடுகிறோம். அந்த மீட்டர் முந்நூறு ரூபாய்க்கு வாங்கியது என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மலிவான கருவி தரும் அறிவும் மலிவானதுதானா? உண்மையை அறிய எவ்வளவு செலவழித்தால் போதும்? வீட்டிலேயே வண்டியைப் பார்த்துக்கொள்ள நினைப்பவருக்குக் கடை வாசலில் எழும் இந்தச் சந்தேகத்தை நம் தத்துவ மரபு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கிறது. அங்கே கிடைக்கும் விடை இன்றைக்கும் பொருந்தும். மீட்டர் வாங்கப் போகிறவருக்கு நேரடியாகவே வழிகாட்டும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊருக்கு, கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகிறது. அங்குள்ள அபர்தீன் பஜாரில் விற்கும் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்தவையே. வடக்கே டிக்லிபூரில் இருப்பவருக்கு அதற்கு மேலும் ஒரு நீண்ட சாலைப் பயணம். தெற்கே காம்பெல் பேயில் இருப்பவருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு கப்பல் பயணம். இரண்டு பருவமழையும் சேர்ந்து மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை கொட்டுகின்றன. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டியது. காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும். அதனால் பேட்டரி கிளாம்ப்பில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூக்கிறது. எர்த் ஒயர் பாடியில் முடுக்கப்பட்ட இடத்தில் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறுகிறது. கனெக்டருக்குள் செம்பு பச்சையாகிறது. இப்படிக் கெட்டுப்போன இணைப்பு, செத்துப்போன பேட்டரியைப் போலவே நடந்துகொள்ளும். சாவியைத் திருப்பினால் இரண்டிலும் ஒரே 'டிக்' சத்தம்தான். எது என்று அளந்து பார்க்காதவர் பேட்டரியை மாற்றுகிறார். வயர் பிரஷ் வைத்துப் பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது, கூடவே ஒரு பழைய ஈய பேட்டரி தீவின் குப்பையில் சேர்கிறது. அறியாமைக்குத் தரும் விலையைத் தீவு இரட்டிப்பாக்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே 100-க்கு 15 பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எனவே நம் சொந்த மரபின் கருத்துகளை வைத்து இதை யோசிப்பது அவர்களுக்கு உரியதும் இயல்பானதும் ஆகும்.

எதை வைத்து ஒன்றை உண்மை என்று கொள்கிறோமோ அதை நம் நூல்கள் அளவை என்கின்றன. மணிமேகலையின் 27-ஆவது காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி ஒருவர் பத்து வகை அளவைகளை வரிசைப்படுத்துகிறார். 29-ஆவது காதையில் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்தர்களின் கணக்கைச் சொல்கிறார்: காட்சி, கருத்து (அதாவது ஊகம்) என்று இரண்டே அளவை, மற்றவை அவற்றுள் அடங்கும். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பல வகைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்கிறது. எத்தனை என்பதில் சமயங்கள் மோதிக்கொண்டன. ஆனால் ஒன்றில் எல்லோருக்கும் உடன்பாடு இருந்தது. காண்பதெல்லாம் காட்சி அளவை ஆகிவிடாது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சிக்குத்தான் அந்தத் தகுதி. அந்தி நேரத்தில் கயிற்றைப் பாம்பென்று பார்த்தவரும் கண்ணால்தான் பார்த்தார். ஆகவே கண்ணுக்கு முன்னால் ஓர் எண் ஒளிர்கிறது என்பது மட்டும் அறிவாகாது. அந்த எண் வந்த வழி பழுதற்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வழி பழுதற்றது என்பதை எதைக் கொண்டு அறிவது? இதைக் கூர்மையாகக் கேட்டவர் 2-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த பௌத்த ஆசான் நாகார்ஜுனர். எல்லாப் பொருளையும் அளவையால் அறிகிறீர்கள் என்றால் அளவையை எதனால் அறிகிறீர்கள்? இன்னொரு அளவையால் என்றால் அதற்கு இன்னொன்று வேண்டும், முடிவே இராது. தானாகவே நிற்கிறது என்றால் மற்றவற்றுக்கு மட்டும் ஏன் சான்று கேட்கிறீர்கள்? நியாயம் என்ற தருக்க மரபின் மூல நூலான நியாய சூத்திரமும் தன் இரண்டாம் அத்தியாயத்தில் இதே சிக்கலை எடுத்துக்கொள்கிறது. அது விடையாகக் காட்டுவது ஒரு தராசை. பொன்னை நிறுக்கும்போது தராசு அளக்கும் கருவி. அந்தத் தராசின் மேலேயே சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை அதில் வைத்துப் பார்க்கிறோம். அப்போது தராசு அளக்கப்படும் பொருளாகிவிடுகிறது. ஒரே பொருள் ஒரு வேளையில் அளவையாகவும் மறுவேளையில் அளக்கப்படுவதாகவும் இருக்கலாம் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். எந்தக் கருவிக்கும் பிறப்பிலேயே வந்த அதிகாரம் கிடையாது. சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கக்கூடிய கருவிக்குத்தான் அதிகாரம் உண்டு. என் வாதம் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

இதை மீட்டருக்குப் பொருத்தினால் கேள்வியே மாறிவிடுகிறது. எந்த மீட்டர் விலை உயர்ந்தது, எது பேர்போனது என்று கேட்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதன் பிழை எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா? இது பொய் சொல்லும்போது நான் கண்டுபிடிக்க முடியுமா? இது தவறினால் என் கையும் உயிரும் தப்புமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் மீட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அறிவு தரும் கருவி. ஒன்றுக்கு இல்லை என்றாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது கையில் வைத்திருக்கும் ஒரு நம்பிக்கை மட்டுமே.

முதல் கேள்வியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் டிடி 830 வகை மீட்டரின் கையேட்டில் டிசி வோல்ட்டுக்கு அரை சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை என்று போட்டிருக்கும். டயலை 20 வோல்ட்டில் வைத்து 12.60 என்று படித்தால், அரை சதவீதம் 0.063 வோல்ட், கடைசி இலக்கத்தில் இரண்டு என்பது 0.02. ஆக உண்மை மதிப்பு 12.52-க்கும் 12.68-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈய பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 வரை காட்டும். பாதி சார்ஜில் 12.2 அளவு, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. முழுமைக்கும் பாதிக்கும் இடையே குறைந்தது 0.4 வோல்ட் இடைவெளி. மீட்டரின் பிழை அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் சார்ஜிங் சரி. 13-ஐத் தாண்டவில்லை என்றால் சரியில்லை. வண்டிக்காரர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாமே இந்தப் பிழைக்கு வெளியே பத்திரமாக நிற்கின்றன. பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சில கைமீட்டர்களிலும் டிசி வோல்ட் துல்லியம் இதே அரை சதவீதம்தான். அதேசமயம், இன்றைக்கு 12.62, நேற்றைக்கு 12.65, பேட்டரி இறங்கிவிட்டது என்று இந்த மீட்டரை வைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. திரை காட்டும் இலக்கங்கள் அனைத்தையும் நாம் அறிந்துவிட்டதாக நினைப்பதுதான் மலிவு மீட்டரில் உள்ள உண்மையான ஆபத்து. பிழையைத் தெரிந்து வைத்துக்கொண்டு அதற்குள் நிற்பவருக்கு அந்த மீட்டர் பொய் சொல்வதில்லை.

இரண்டாவது கேள்வி, பொய்யைக் கண்டுபிடிப்பது. கடைக்காரர் வைத்திருக்கும் தராசுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அரசு முத்திரை குத்துகிறது. வீட்டு மீட்டருக்கு முத்திரை குத்த எவரும் வரமாட்டார்கள். அந்த ஆய்வாளர் வேலையை உடைமையாளரே செய்ய வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படாது. இரண்டு புரோப்பையும் ஒன்றோடொன்று தொட்டு ஓம் பார்த்தால் சுழியத்தை ஒட்டி வர வேண்டும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் கம்பியோ டயலின் உள்தொடர்போ கெட்டிருக்கிறது. புதிய சாதாரண 1.5 வோல்ட் செல் 1.5-க்கும் 1.65-க்கும் இடையில் காட்ட வேண்டும். செல்போன் சார்ஜரின் யுஎஸ்பி முனை 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மீட்டரையும் வாங்கி, ஒரே பேட்டரியில் இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் இரண்டும் தத்தம் பிழைக்குள் ஒத்துப்போக வேண்டும். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் இவ்வகை மீட்டர்கள் பெரும்பாலும் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். கெட்ட பேட்டரியை நல்லதென்று சொல்லும் மிக மோசமான பிழை அது. தீவின் ஈரத்தில் அந்த 9 வோல்ட் பேட்டரி கசிவதும், டயலுக்குள் இருக்கும் செம்புத் தடம் மங்குவதும் சீக்கிரமே நடக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒருமுறை மேற்சொன்ன சோதனைகளைச் செய்தால், முந்நூறு ரூபாய் மீட்டரும் எடை தெரிந்த பொன்னால் சோதிக்கப்பட்ட தராசின் தகுதியைப் பெற்றுவிடும்.

மூன்றாவது கேள்வியில்தான் மலிவு உண்மையிலேயே தோற்கிறது. இதை மறைக்கக் கூடாது. 12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது. ஆனால் கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மறந்து விட்டுவிட்டு பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் மீட்டரே ஷார்ட் ஆகிறது. மிக மலிவான மீட்டர்களில் அந்த சாக்கெட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அதை மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டு விற்கிறார்கள். கம்பி உருகிக் கையில் ஒட்டும். அதே மீட்டரை எடுத்துக்கொண்டு வீட்டின் 230 வோல்ட் மெயினில் கை வைப்பது அதைவிட அபாயம். ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் மீட்டர்களை கேட் 2, கேட் 3 என்று வகைப்படுத்துகிறது. மலிவு மீட்டரில் அந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தாலும் அதற்கேற்ற ஃபியூஸும் காப்பும் உள்ளே இருப்பதில்லை என்பது பலமுறை தெரியவந்த ஒன்று. மின்சாரக் காரின் பெரிய பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது. அது எந்த வீட்டு மீட்டருக்கும் உரிய இடம் அன்று. மலிவான கருவி பொய்யான அறிவைத் தரும், அதற்கு அறியாமையே மேல் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அறிவைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் மிகையானது, பாதுகாப்பைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது. கூடுதல் பணத்தைத் துல்லியத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. ஃபியூஸுக்கும் காப்புக்கும் கொடுக்க வேண்டும்.

மீட்டர் சரியாக இருந்தும் மனிதர் தவறலாம். திரையில் எண்ணைப் பார்ப்பது காட்சி. பேட்டரி கெட்டது, இணைப்பு நல்லது என்பது கருதல். கருதலில் நுழையும் பிழைகளை மணிமேகலை ஏதுப்போலிகள் என்று வகைப்படுத்தி விரிவாகச் சொல்கிறது. காரணம் போலத் தோன்றும், ஆனால் முடிவைத் தாங்காது. பேட்டரி கிளாம்ப்பில் கன்டினியூட்டி வைத்துப் பார்க்கிறோம். பீப் என்று சத்தம் வருகிறது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறோம். இது போலி. நல்ல இணைப்பில் பீப் வரும் என்பது உண்மை. பீப் வந்த இடமெல்லாம் நல்ல இணைப்பு என்பது உண்மையாகாது. உப்புப் பூத்த கிளாம்ப்பில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓம் அளவில் இந்த மீட்டரின் கடைசி இலக்கமே 0.1 ஓம், அந்தத் தடை அதன் கண்ணில் படாது. ஆனால் செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்க முயன்றால் அந்த இடத்திலேயே 5 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது போதாது. சரியான சோதனை வேறு. ஒரு புரோப்பை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மற்றதைக் கிளாம்ப்பிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். செல்ஃப் சுற்றும் அந்த நேரத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி கிளாம்ப். பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். மீட்டர் ஒன்றுதான், மலிவு விலையும் அதேதான். கேட்ட கேள்வி மாறியதால் உண்மை வெளியே வந்தது. கருவியை மேம்படுத்துவதைவிடக் கருதலை மேம்படுத்துவதில் பலன் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இல்லாமையை எப்படி அறிவது என்பதும் நம் நூல்களில் பெரிய விவாதம். குடம் இங்கே இல்லை என்று தெரிந்துகொள்வது எந்த அளவையால்? இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய நிலையில் தெரியாமல் போனால்தான் இல்லை என்று சொல்லலாம் என்றார்கள். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்றாகாது. லீவில் மெயின்லேண்டுக்குப் போகும் தீவுவாசிக்கு இது நேரடியாக உதவும். பூட்டி நிறுத்திய காரில் 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 20 நாளில் 24 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கசிவைப் பார்க்க நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, 10 ஆம்பியர் சாக்கெட்டில் மீட்டரைத் தொடரில் போட்டால் 0.00 என்று வருகிறது. கசிவு இல்லையா, அல்லது மீட்டரின் ஃபியூஸ் முன்பே போய்விட்டதா? இரண்டுக்கும் திரை ஒரே எண்ணைத்தான் காட்டும். காரின் உள்விளக்கைப் போட்டுப் பார்த்து, எண் அசைந்தால்தான் முன்பு வந்த சுழியத்துக்குப் பொருள் உண்டு. மீட்டர் இப்படித் தொடரில் இருக்கும்போது சாவியை மட்டும் திருப்பவே கூடாது; செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தை எந்தக் கைமீட்டரும் தாங்காது.

இனி மறுப்புகள். முதலாவது, உரையும் ஓர் அளவைதானே என்பது. நாற்பது வண்டி பார்த்த மெக்கானிக் சொன்னால் போதாதா, அவரைச் சந்தேகிப்பது அவமதிப்பில்லையா? நியாயமான கேள்வி. உரையை நான் தள்ளவில்லை. மனித வாழ்வின் பெரும்பகுதி பிறர் சொல்லை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் யாருடைய சொல் அளவையாகும் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம் கவனிக்கத்தக்கது: பொருளை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவராக இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்கிறார். பிறப்பும் பட்டமும் அதில் சேராது. அப்படியானால் நல்ல மெக்கானிக்கின் சொல்லுக்கு மதிப்பு வருவது அவர் அளந்து பார்த்ததால்தான். உடைமையாளரும் அளந்து வைத்திருந்தால் அந்த மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. "அண்ணே, வண்டி ஓடும்போது 12.8 தான் வருது" என்று சொல்லிக்கொண்டு வருபவரை எந்த நல்ல மெக்கானிக்கும் வரவேற்பார். டயக்னோசிஸ் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. பிறகு பேட்டரி இறங்கினாலும் வீண் பழி அவர் மேல் விழாது. அளவு என்பது இருவருக்கும் பொதுவான சாட்சி. ரங்கத், மாயாபந்தர் போன்ற தீவு ஊர்களில் ஒரே மெக்கானிக்கை ஊரே நம்பியிருக்கும்போது அந்த உறவைக் காப்பதற்கும் இப்படி ஒரு சாட்சி தேவை.

இரண்டாவது மறுப்பு நாகார்ஜுனருடையதே. மீட்டரை செல்லால் சோதித்தால் செல்லை எதனால் சோதிப்பது? பக்கத்து வீட்டு மீட்டரை யார் சோதித்தது? டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தியாவின் வோல்ட் அளவைக் காத்து வருகிறது. 2019 முதல் அந்த அளவு இயற்கை மாறிலிகளின் நிர்ணயிக்கப்பட்ட மதிப்புகளோடு கட்டப்பட்டிருக்கிறது. சங்கிலி அங்கே போய் நிற்கிறது. ஆனால் வீட்டு மீட்டர் அதுவரை போக வேண்டியதில்லை. நியாயர்கள் அறிவின் உண்மையைச் செயலின் வெற்றியில் கண்டார்கள்: தண்ணீர் என்று அறிந்து போனவரின் தாகம் தணிந்தால் அந்த அறிவு மெய். கிளாம்ப் கெட்டது என்று மீட்டர் சொன்னது, கிளாம்ப்பைத் தேய்த்தோம், செல்ஃப் எடுத்தது, சான்று முடிந்தது. 7-ஆம் நூற்றாண்டின் மீமாம்சை ஆசான் குமாரிலர் மறுபக்கம் நின்று, பழுது தெரியும்வரை அறிவை மெய்யென்றே கொள்ள வேண்டும், இல்லையேல் யாரும் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது என்றார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எனக்குத் தோன்றவில்லை; வேளை வேறு. புதிதாக வாங்கிய மீட்டரிடம் நியாயரைப் போல இருக்க வேண்டும். சோதித்துத் தேறிய மீட்டரிடம் மீமாம்சகரைப் போல. திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் ஆட்களைப் பற்றிச் சொல்வதும் இதையே: ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் துன்பம். முடிவில்லாத ஐயம் அறிவுக்கு அடையாளமாகாது. ஐயத்துக்கு ஒரு வேளை வைத்து, அது தீர்ந்தபின் வேலையில் இறங்குவதே அறிவு.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு) என்று மெய்ப்பொருளை ஆராய எழுந்த நூல்களை பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்து வருவது அவற்றைச் சிறுமைப்படுத்துவதாகாதா? அந்த நூல்களின் அமைப்பையே விடையாகக் காட்டலாம். சிவஞான சித்தியாரின் சுபக்கம் இறைவனைப் பற்றிய வாதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அளவையைப் பேசுகிறது. எதையும் எப்படி அறிகிறோம் என்று தெளியாமல் எதைப் பற்றிச் சொன்னாலும் நிற்காது என்பது அவ்வாசிரியரின் ஒழுங்கு. அவர் எடுத்துக்காட்டும் புகையும் தீயும், நியாயரின் தராசும் பொன்னும் அன்றாட வாழ்விலிருந்து வந்தவையே. சிறிய பொருளில் தனக்குச் சாதகமான எண்ணை மட்டும் நம்பிப் பழகியவர், பெரிய பொருளில் உண்மையை நேருக்கு நேர் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயுத பூஜையன்று நம் வீடுகளில் வண்டியையும் ஸ்பேனரையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு சரஸ்வதியின் முன் வைக்கிறோம். கருவி புனிதமானது என்று அந்த வழிபாடு சொல்கிறது. அது உண்மையானால் கருவிக்கு நாம் பட்ட கடன் ஒரு நாள் பொட்டோடு தீராது. ஆண்டு முழுவதும் அதை மெய் சொல்லும் நிலையில் வைத்திருப்பதும் அந்தப் பூஜையின் பகுதியே.

ஆகவே தீர்ப்பு இது. வண்டியை வீட்டில் பார்த்துக்கொள்ள விரும்பும் தீவுவாசி விலையைக் கண்டு தயங்கவும் வேண்டாம், விலையை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். மிக மலிவான மீட்டர்தான் கைக்கு எட்டும் என்றால் வாங்கலாம்; 12 வோல்ட் வண்டிக்கு மட்டும் என்று வரம்பு போட்டு, அதன் ஆம்பியர் சாக்கெட்டைத் தொடாமல், வீட்டு மெயினுக்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொள்ளுங்கள். கசிவையும் பார்க்க வேண்டுமென்றால், ஆயிரம் ரூபாயை ஒட்டியோ சற்று மேலேயோ செலவழித்து, இரண்டு சாக்கெட்டுக்கும் ஃபியூஸ் உள்ளதும் கையேட்டில் பிழை அளவு அச்சிட்டுள்ளதுமான மீட்டரைத் தேடுங்கள். மாற்று ஃபியூஸையும் 9 வோல்ட் பேட்டரியையும் கூடவே வாங்கி வையுங்கள். அடுத்த கப்பல்வரை காத்திருக்க வேண்டாம். வாங்கிய அன்றே செல்லிலும் இன்னொரு மீட்டரோடும் வைத்துச் சோதித்து, வந்த எண்ணைத் தேதியோடு டப்பாவின் மூடியில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத மீட்டர், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், இன்னும் நிறுக்கப்படாத தராசுதான்.